தேருக்கு முன்னால் ஊதாமல் நடந்தவளுக்கு

ஜெனி,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து போன் செய்தபோது நீ சொன்ன ஒரு பேச்சுக்காகத்தான் இவ்வளவு பெரிய கடிதம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். பழுதான பம்பு மோட்டாரைக் கொண்டுவந்து போடுகிறவர்களின் பெயரையும் ஊரையும் ஒரு அட்டையில் எழுதி, அதை மோட்டாரின் கழுத்தில் கட்டுவதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடும். மூன்று நாளாக எழுதி, அடித்து, மறுபடி எழுதி, இன்றைக்கு நான்காவது நாள். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பத்து எச்பி மோட்டாருக்கே ரெண்டு நாளுல காயில் கட்டிருவீங்க. ஒரு லெட்டருக்கு இத்தனை நாளா?" என்று கேட்டாள். மோட்டாரில் எரிந்துபோன கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி கட்டலாம். இது அப்படியில்லையே.

நீ சொன்னது இதுதான். "எனக்கு சுருதி நிக்காதுப்பா. சின்னப் பிள்ளையிலேருந்து தெரிஞ்ச கதைதானே. மாசக் கடைசில டெஸ்டு வருது. அதுக்கு முன்னாடியே போயி, குட்டிக் கிளாரினெட்டை வேற ஆளுக்குக் குடுத்துருங்க, என்னைய தாளத்துக்கு மாத்திவிட்டுருங்கன்னு கேட்டுறப் போறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் "யோசிச்சு செய்யி தாயி" என்று சொல்லி, போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் எனக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். 'சின்னப் பிள்ளையிலேருந்து தெரிஞ்ச கதை' என்றாயே, அந்தக் கதையைக் கட்டியவன் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் குட்டியைப் பற்றிக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். நேரே விஷயத்துக்கு வரும் தைரியம் இருந்திருந்தால் நான் இதைப் பத்து வருஷம் முன்பே செய்திருப்பேன்.

இரண்டு நாள் ரயில் ஓடுகிற தூரத்தில், சீருடைப் படை ஒன்றின் பேண்டில் உனக்கு இடம் கிடைத்தபோது நான் ஆவூர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சொல்லாத வீடு பாக்கியில்லை. அங்கே போனதும் உன் உயரத்தைப் பார்த்து உன் கையில் குட்டிக் கிளாரினெட்டைக் கொடுத்துவிட்டார்கள் என்றாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நம் கோயில் பேண்டில் இருபத்திரண்டு வருஷம் நான் ஊதியது அதைத்தானே. மற்றக் கிளாரினெட்டைவிட ஒரு சாண் குட்டை. ஆனால் பேண்டிலேயே ஆக உச்சத்தில் கேட்பது அதுதான். பதினைந்து பேர் சேர்ந்து வாசிக்கும்போது பின்வரிசையில் ஒருவன் தப்பு செய்தால் அவனுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும். குட்டிக்காரன் தப்பு செய்தால் தேங்காய்க் கடைக்காரனுக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் அதை யாரும் விரும்பி வாங்குவதில்லை. உனக்கு அது தண்டனை மாதிரி வந்திருக்கிறது என்று நீ நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

குட்டியின் துவாரம் சின்னது, ஆகவே கொஞ்சம் மூச்சு போதும் என்று எல்லாரும் முதலில் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். பெரிய கருவிக்கு வேண்டிய மூச்சு இதற்கும் வேண்டும், அது இன்னும் வேகமாகப் போக வேண்டும். மூச்சு குறைந்தால் உதடு அந்த வேலையைச் செய்யப் பார்க்கும். உதட்டால் முடியாதபோது பல் வந்து உதவி செய்யும். பல் உதவி செய்தால் ஊதுவாயில் கட்டியிருக்கிற ரீடு நசுங்கி, சத்தம் மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி மெலிந்துபோகும். உங்கள் மாஸ்டர் உன்னிடம் 'உச்சத்தில் சத்தம் கம்பியாக இருக்கிறது, சுருதி மேலே ஓடுகிறது' என்று சொன்னதாகச் சொன்னாயே, அது இதுதான். நீ கடிக்கிறாய் ஜெனி. பயிற்சி முடிந்ததும் கண்ணாடி முன்னால் நின்று கீழுதட்டை மடித்துப் பார். உள்பக்கம் பல் பதிந்த கோடு இருக்கும். நீ ஏன் கடிக்கிறாய் என்பது உன் மாஸ்டருக்குத் தெரிய நியாயமில்லை. உனக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

உனக்கு ஏழு வயசு இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பட்டறையில் கம்பி உருளைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாய். காயில் கட்டி முடித்த ஒரு மோட்டாரை நான் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன், எல்லாம் சரி. வண்டியில் ஏற்றச் சொல்லப் போனேன். நீ தலையைத் தூக்காமலே, "அப்பா, இது நேத்து ஓடுன மோட்டாரை விடக் கீழ பாடுது" என்றாய். நான் சிரித்தேன். மோட்டார்காரர் அதைவிடப் பெரிதாகச் சிரித்தார். நீ விடவில்லை. "கீழதான் பாடுது. நெசமா" என்று சொல்லி, நேற்றைய மோட்டார் எப்படி முனகியது, இது எப்படி முனகுகிறது என்று வாயால் இரண்டையும் பாடிக் காட்டினாய். நிறுத்திக் கழற்றிப் பார்த்தால் ஒரு பேரிங் இறுகிப்போய், சுற்று குறைந்து ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே போயிருந்தால் ஒரு வாரத்தில் எரிந்து திரும்பி வந்திருக்கும். இருபது வருஷமாக மோட்டாரோடு கிடக்கிறவன் காதில் விழாதது உன் காதில் விழுந்தது. அன்றைக்கு உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆக, உன் காது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தேன். அதனால்தான் இதைச் சொல்வது இவ்வளவு சிரமமாக இருக்கிறது.

உனக்குப் பதின்மூன்று வயசு நடந்த வருஷம். மார்கழிக் குளிரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில், விடியற்காலைப் பூசைக்கு நாங்கள் கோயில் கீபோர்டோடு சேர்ந்து வாசிக்க வேண்டியிருந்தது. குளிரில் ஊதுகருவி எல்லாமே சுருதி இறங்கும். கீபோர்டு இறங்காது. அது கரண்டில் ஓடுவது. மற்றவர்கள் முன்னதாகவே வந்து, கருவியைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கி, பத்து நிமிஷம் கீழ் ஸ்வரத்தில் மெதுவாக ஊதி அதைத் தயார் செய்துகொள்வார்கள். நான் பட்டறையில் இருந்து நேரே ஓடி வந்து, பெட்டியைத் திறந்து ஊத ஆரம்பிப்பவன். தினமும் என் குட்டி கீழே இருக்கும். தினமும் நம் பேண்டு மாஸ்டர் செபஸ்தியான் என்னைப் பார்த்து, சுருதியை ஏற்று என்று கட்டை விரலை மேலே தூக்கிக் காட்டுவார். எல்லார் முன்னாலும். உனக்குத் தெரியுமே என் குணம், யாராவது விரல் காட்டினால் எனக்குப் பொறுக்காது. சீக்கிரம் எழுந்து போயிருந்தால் முடிந்திருக்கும். அதைச் செய்யாமல் நான் என்ன செய்தேன் தெரியுமா? குட்டியின் பேரலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீரனூர் லேத்துக்குப் போனேன்.

பேரல் என்றால் உனக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் இதை உன் அம்மாவும் படிக்கப் போகிறாள். ஊதுகிற வாய்ப்பகுதிக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற சின்னக் கழுத்துத் துண்டு அது. அதைக் குட்டையாக்கினால் கருவி முழுவதும் சுருதி ஏறும். பம்பு ஷாப்டு தேய்க்கிற லேத்தில் போய் அதை நீட்டி, "இதுல மூணு மில்லி எடுத்துருப்பா" என்றேன். லேத்துக்காரர் அதைக் கையில் உருட்டிப் பார்த்தார். "அண்ணே, ஷாப்டுன்னா தேச்சுட்டுப் புஷ் போட்டுச் சரிக்கட்டிரலாம். இது ஊதுற சாமான். கொறைச்சா திருப்பிக் கூட்ட முடியாதுண்ணே" என்றார். மோட்டாரும் லேத்தும் தெரிந்த எனக்கு அவர் புத்தி சொல்வதா என்று நினைத்தேன். "மூணு மில்லில என்ன ஆயிறப் போகுது. நீ எடு" என்றேன். எடுத்தார். அந்தக் கிறிஸ்துமஸ் முழுக்க என் குட்டி கீபோர்டோடு கச்சிதமாகச் சேர்ந்தது. மாஸ்டர் கட்டை விரல் காட்டவில்லை. நான் வழக்கம்போல் கடைசி நிமிஷத்தில் ஓடி வந்தே ஊதினேன். என்னைவிட புத்திசாலி ஆவூரிலேயே கிடையாது என்று திரிந்தேன்.

பிறகு கோடை வந்தது. ஈஸ்டர் முடிந்து, தேர் இழுக்கிற நாளும் வந்தது. நீ முதன்முதலாகப் பேண்டுச் சட்டை போட்டுக்கொண்டாய். சட்டை பெரிதாக இருந்தது என்று உன் அம்மா தோளில் ஊக்கு குத்தினாள். நான் குட்டி, நீ எனக்குப் பக்கத்தில் சாதாரணக் கிளாரினெட். பேண்டில் அப்பனும் மகளும் சேர்ந்து நிற்கிறார்கள் என்று எல்லாரும் வந்து வந்து பார்த்தார்கள். சாயங்காலம் நாலு மணி, தரையெல்லாம் கொதித்தது. வெயிலில் எல்லாக் கருவியும் கொஞ்சம் மேலே ஏறும். என்னுடையது மூன்று மில்லி குறைந்தது அல்லவா, அது எல்லாரையும் தாண்டி ஏறிவிட்டது. பேரலை எவ்வளவு வெளியே இழுக்க முடியுமோ அவ்வளவும் இழுத்துவிட்டேன். மூட்டு ஆடாமல் இருக்க நூல் சுற்றினேன். அதற்குமேல் இழுத்தால் கழன்று கையோடு வந்துவிடும். சுருதி சேர்க்க எல்லாரும் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தோம். நீ ஊதுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் சாய்ந்து, "அப்பா, நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் சேரலைப்பா" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மாஸ்டரும் கேட்டுவிட்டார். வரிசைக்குள் வந்து எனக்கும் உனக்கும் நேராக நின்றார். ஒவ்வொருவராக ஊதச் சொல்லிக் கேட்க நேரமில்லை. வடத்தைப் பிடித்துக்கொண்டு ஜனம் நிற்கிறது, வேட்டு போட்டாகிவிட்டது, சாமியார் மந்திரித்து முடித்துவிட்டார். "கிளாரினெட்டுல யாரோ சேரல. குட்டியா, பாப்பாவா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு மறந்ததே இல்லை. "பாப்பா புதுசு மாஸ்டர்" என்றேன். அவ்வளவுதான். உன் பெயரைச் சொல்லித் தப்பு என்று சொல்லவில்லை. புதுசு என்றேன். நீ புதுசுதானே. ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். நான் அவளைவிட மோசம், பெற்ற பிள்ளையைக் கோணல் என்றேன். மாஸ்டர் உன் தலையில் கையை வைத்து, "இன்னைக்கு வாயில வச்சுக்கிட்டு மட்டும் நட, தாயி. ஊத வேணாம். அடுத்த வருசம் பாப்போம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நாலு வீதியும் நீ அப்படியே நடந்தாய். கருவியை வாயில் வைத்துக்கொண்டு, விரலை மட்டும் ஒவ்வொரு பாட்டுக்கும் சரியாக அசைத்துக்கொண்டு, அதற்குள் மூச்சை விடாமல். நான் பக்கத்தில் ஊதிக்கொண்டே வந்தேன். மேளமும் வேட்டும் இருந்ததால் என் கோணல் யாருக்கும் கேட்கவில்லை. உன் அம்மா அந்தோணியார் தெரு முனையில் நின்று, உன்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நீ ஊதுகிறாய் என்றுதான் அவள் நினைத்தாள். நீயும் தலையை ஆட்டிவிட்டுப் போனாய். அதை நான் பார்த்தேன். அப்போதாவது நிறுத்திச் சொல்லியிருக்கலாம். நான் அடுத்த பாட்டுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஊக்கைக் கழற்றிக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டாய். "அப்பா, நான் மேல இருந்தேனா, கீழ இருந்தேனா?" நான் "கீழ" என்றேன். அது பொய்யில்லை. நான் மேலே இருந்தேன், ஆகவே நீ கீழே. பொய் சொல்லியிருந்தால்கூட என்றைக்காவது அகப்பட்டிருப்பேன். நிஜத்தையே எடுத்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன். நீ "சரிப்பா, ஏத்திக்கிறேன்" என்றாய். அடுத்த வாரமே நான் திருச்சிக்குப் போய்ப் புதுப் பேரல் வாங்கி மாட்டிக்கொண்டேன். பழையதைப் பட்டறையில் கம்பிப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். எனக்குச் சரியாகிவிட்டது. நீ மட்டும் அந்த 'கீழ' என்ற சொல்லை வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் மேலே தள்ள ஆரம்பித்தாய். அதற்குத்தான் அந்தக் கடி. நீ கேட்பாய், சரியாக இருக்கும். சரியாக இருந்தாலும், அப்பா கீழே என்றாரே என்று இன்னும் கொஞ்சம் கடிப்பாய். உன் காது சொல்வதை விட்டுவிட்டு என் வாய் சொன்னதை நம்பினாய். பத்து வருஷமாக.

இதில் இன்னொரு கேவலமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் நீ வெறியாகச் சாதகம் செய்தாய். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம், வந்த பிறகு ஒரு மணி நேரம். பார்க்கிறவர்கள் எல்லாம், "அப்பன் ஒரு வார்த்தை சொன்னதுக்கு எப்புடி உழைக்கிது பாரு பிள்ளை" என்றார்கள். நானும், நடந்தது ஒரு வகையில் நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு வேலை கிடைத்தபோது இன்னும் தைரியம் வந்துவிட்டது. இனிமேல் சொல்ல வேண்டியதே இல்லை என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ தாளத்துக்கு மாறப் போகிறேன் என்று சிரித்தாயே, அப்போதுதான் அந்த மூன்று மில்லி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரிந்தது.

திங்கட்கிழமை காலையில் பழைய பேரலைத் தேடி எடுத்துக்கொண்டு செபஸ்தியான் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. பேரலைக் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். வெட்டின ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, "இது யாருது?" என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மன்னிப்பார், பரவாயில்லை என்பார், காப்பி கொடுப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன் போல. அவர் பேரலைத் திருப்பி என் கையிலேயே வைத்தார். பிறகு, "அந்தப் பிள்ளை வேலைக்கு எழுதிப்போட்டப்ப என்கிட்ட வந்து ஆசீர்வாதம் கேட்டுச்சு. வெரலு நல்லாருக்கு, காதுதான் கொஞ்சம் பாத்துக்க தாயின்னு சொல்லி அனுப்புனேன்யா. ஒன் பேச்சை நம்பி" என்றார். "வயசுல சின்னவனா இருந்தா எந்திரிச்சு அறைஞ்சிருப்பேன்" என்றும் சொன்னார். எனக்கு ஐம்பத்தொன்பது வயசு. அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிளம்பும்போது, "போன்ல சொல்லாத. போன்ல சொன்னா அது சிரிச்சு மழுப்பிரும், நீ தப்பிச்சிருவ. எழுது. அது வேணுங்கிறப்ப எடுத்துப் பாத்துக்கிறட்டும்" என்றார். உன்னையும் தெரிந்துவைத்திருக்கிறார், என்னையும் தெரிந்துவைத்திருக்கிறார்.

உன் அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "அந்தோணியார் தெருவுல நான் கையை ஆட்டுனப்ப பிள்ளை ஊதலையா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இன்று காலையில்தான் மறுபடி பேசினாள். அதுவும் அந்த எச்பி பேச்சு. நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்துவிட்டு, "மொதல்ல எழுதி முடிச்சுத் தபால்ல போடுங்க. அழுவுறதை அப்பறம் வச்சுக்கலாம்" என்றாள்.

இப்போது நான் சொல்வதை அப்பா சொல்கிறார் என்று கேட்காதே. செய்து பார், உன் காது ஒத்துக்கொண்டால் வைத்துக்கொள். டெஸ்டுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது என்று நினைக்கிறேன். முதல் வாரம் உச்ச ஸ்வரம் பக்கமே போகாதே. கீழ் ஸ்வரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பத்து எண்ணும்வரை நீட்டி ஊது. மெதுவாக ஆரம்பித்து, கொஞ்சம் பெரிதாக்கி, மறுபடி மெதுவாக்கி நிறுத்து. உதட்டின் இரண்டு ஓரமும் இறுக்கமாக இருக்கட்டும், நடு உதடு ரீடுக்கு மெத்தையாக இருந்தால் போதும். மூச்சை வயிற்றிலிருந்து தள்ளு. நாக்கு 'ஈ' சொல்கிற இடத்தில் உயர்ந்து இருக்கட்டும், மூச்சு தானாக வேகம் எடுக்கும். பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டு ஸ்வரம் மேலே ஏறு, அதற்குமேல் வேண்டாம். ஊதுவதற்கு முன்னால் அந்த ஸ்வரத்தை வாயால் பாடு. ஏழு வயசில் இரண்டு மோட்டாரைப் பாடிக் காட்டினாயே, அப்படி. பாடியது எங்கே இருக்கிறதோ அங்கேயே போய் ஊது. ரொம்ப கனமான ரீடு வேண்டாம், அது உன்னைக் கடிக்கச் சொல்லும். விரலைத் துவாரத்துக்கு மேலே தூரமாகத் தூக்காதே. குட்டியில் துவாரங்கள் நெருக்கம். விரல் பாதி மூடினால் கீச்சென்று கத்தும், நாம் உதட்டின் மேல் பழி போடுவோம்.

அங்கே பனி அதிகம் என்றாய். பத்து நிமிஷம் முன்னால் போய்க் கருவியைச் சூடாக்கிக்கொள். உன் அப்பன் செய்யாத வேலை அது ஒன்றுதான். பேண்டோடு நிற்கும்போது பக்கத்துக் கிளாரினெட்டைக் கேட்டுக்கொண்டு நிற்காதே. பின்னால் ஆகப் பெரிய குழாயை வைத்துக்கொண்டு ஒருவர் அடிச்சுருதி ஊதுவார் பார், அவரைக் கேள். ஆக உச்சத்தில் இருப்பவள் ஆக அடியில் இருப்பவரோடு சேர்ந்துவிட்டால் நடுவில் இருப்பவர்கள் எல்லாம் வந்து சேர்ந்துகொள்வார்கள். சேரவில்லை என்று உன் காதுக்குப் பட்டால், உடனே உன்னை மாற்றிக்கொள்ளாதே. ஒரு மூச்சு பொறுத்துக் கேள். நீயும் தப்பாக இருக்கலாம், அப்படியென்றால் மாற்றிக்கொள். பக்கத்தில் நிற்கிறவர் பெரியவர், வருஷக்கணக்காக ஊதுகிறவர், உன் சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் மாற்றாதே.

தாளத்துக்கு மாறுவது உன் விருப்பம். தாளம் ஒன்றும் மட்டமில்லை. பிடித்துப் போவதானால் போ, நான் அதற்கும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வருவேன். எனக்குச் சுருதி நிற்காது என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகாதே. அன்றைக்குத் தேருக்கு முன்னால் நீ சரியாக இருந்தாய். நீ கீழே இல்லை. தப்பாக இருந்தது நான். இதை உரக்க உன்னிடம் சொல்ல எனக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது, இதுவும் உரக்க இல்லை, தாளில்தான்.

இதோடு அந்தப் பழைய பேரலையும் ஒரு துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். உன் கருவியில் மாட்டிப் பார்க்காதே. உன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்து அளந்து பார், போதும். என் மேல் கோபம் வரும். வர வேண்டும். எத்தனை நாள் பேசாமல் இருக்கத் தோன்றுகிறதோ இரு. உன் அம்மாவுக்கு மட்டும் வழக்கம்போல் போன் செய், அவள் மேல் தப்பில்லை.

வருகிற தேருக்கு லீவு கிடைத்தால் வா. மாஸ்டரிடம் கேட்டுவிட்டேன், பேண்டில் இப்போது இருக்கிறவர்களிடமும் சொல்லிவிட்டேன். குட்டியை நீ ஊது. நான் உன் பழைய கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு உன் பக்கத்தில் நிற்கிறேன். நாலு வீதியும் அதை வாயில் வைத்துக்கொண்டு மட்டும் நடக்கிறேன். ஊத மாட்டேன். உன் அம்மா அந்தோணியார் தெரு முனையில் நிற்பாள், அவளுக்கு நீ தலையை ஆட்டு. ஒங்கப்பா ஏன் ஊதலைன்னு யாராவது உன்னிடம் கேட்டால் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். என்னிடம் அனுப்பு. நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன்
அப்பா